அழற்சி தணிக்கும் மதியச் சாப்பாடு

மனித நுரையீரலின் வரலாற்றில் இதுவரை இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. ஒன்று, அது மூச்சுவிடத் தொடங்கியது. மற்றொன்று, பேக்ஹா சிமெண்ட் ஆலை அதற்குச் சோறு போடத் தீர்மானித்தது.

இரண்டாவது நிகழ்ச்சிக்குக் காரணமாக இருந்த பெருமை ஓக்புன்னைச் சேரும். ஆலையின் மூட்டைக் கூடத்தில் சிமெண்ட் பைகளின் வாயைத் தைப்பது அவள் வேலை. கூடத்தின் கூரையில் தூசியை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று உண்டு. அதன் வடிகட்டிப் பைகள் வசந்த காலத்திலேயே கிழிந்துவிட்டன. கிழிந்த பிறகும் இயந்திரம் ஓய்வெடுக்கவில்லை. ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் அப்படியே திருப்பிக் கொடுத்தது. நேர்மையான இயந்திரம். ஓக்புன்னுக்கு ஆஸ்துமா. கோடை முடிவதற்குள் வீட்டு மாடிப்படியை நின்று நின்று ஏற வேண்டியதாயிற்று.

அவள் கேட்டது ஒன்றுதான். எடைமேடை அறையில் லாரிகளுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் வேலை காலியாக இருந்தது. அங்கே மாற்றிவிடச் சொன்னாள்.

நலப் பிரிவுத் தலைவர் நாம்குங் அவளை உட்காரவைத்து பார்லித் தேநீர் கொடுத்தார். ஆலையில் குறைந்த சம்பளம் வாங்கும் பெண்களை அவர் 'மேடம்' என்றுதான் அழைப்பார். மரியாதைக்குத் தனியாக நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

“மேடம், உங்களை அங்க மாத்துறது ஒரு கையெழுத்து வேலை.”

“அப்ப போட்டுடுங்க சார்.”

“உங்க எடத்துக்கு இன்னொருத்தர் வருவாங்க. அவங்களுக்கும் இளைப்பு வரும். இது தீர்வா சொல்லுங்க. நாங்க வேர்லயே கை வைக்கப் போறோம்.”

“வடிகட்டிப் பையை மாத்தப் போறீங்களா?”

நாம்குங் புன்னகைத்தார். அறியாமையின் மேல் அவருக்கு எப்போதும் இரக்கம் உண்டு.

“தூசி வெளிய இருக்கு மேடம். அழற்சி உள்ள இருக்கு. வீங்குறது உங்க மூச்சுக்குழாய். அது கம்பெனியோட சொத்து இல்ல. இருந்தாலும் கம்பெனி பொறுப்பு எடுத்துக்குது.”

ஊர் டாக்டரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. “மீன், கீரை, காய்கறி நிறைய சாப்பிட்டா ஆஸ்துமாவுக்குக் கொஞ்சம் உதவும்” என்றார் அவர். “ஆனா இன்ஹேலரை விடக் கூடாது. முக்கியமா, தூசியில இருக்கவே கூடாது.” நல்ல கருத்து. நீளம்தான் அதிகம். ஆலை வாசலில் கட்டிய பதாகையில் முதல் வாக்கியத்துக்குத்தான் இடம் இருந்தது. 'கொஞ்சம்' என்ற சொல் அதிலும் நெருக்கியடித்ததால் கழற்றிவிடப்பட்டது.

'நுரையீரல் நல உணவுக் குழு' அமைந்தது. உறுப்பினர்கள் அனைவரும் புகைபிடிப்பவர்கள். நுரையீரலைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள்தானே பேச முடியும். குழுவின் முதல் தீர்மானம், வெள்ளிக்கிழமைப் பன்றிக்கறியை ஒழிப்பது. கொழுப்பு, அழற்சியின் நண்பன் என்று கண்டறியப்பட்டது.

சுமைவண்டி ஓட்டும் தோக்சூ துக்கம் விசாரிப்பவன்போல ஓக்புன்னிடம் வந்தான்.

“பன்னிக்கறியை நிறுத்திட்டாங்க அக்கா. தொண்டையில எறங்கின சிமெண்டை இனிமே எது வழுக்கிட்டுப் போகும்?”

“பன்னி என்ன குழாய் ரிப்பேர்காரனா?”

“கூரையில ஓடுற மெஷினுக்கு அது எவ்வளவோ தேவலைக்கா.”

பன்றியின் இடத்துக்குக் கானாங்கெளுத்தி வந்தது. கூடவே நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று சொல்லப்படும் தொராஜி வேர்க் கறி, எள்ளிலை, பூண்டு. உணவுக்கூடத்தின் சன்னல்களை எல்லாம் பிளாஸ்டிக் தாளும் ஒட்டுநாடாவும் போட்டு அடைத்தார்கள். 'உணவில் தூசி படியலாகாது' என்று சுற்றறிக்கை சொன்னது. ஆலையில் தூசி இருப்பதை நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. மீனின் நலன் கருதி.

தொடக்க விழாவுக்கு ஆலைத் தலைவர் வந்தார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, காற்றை அளக்கும் கருவியோடு வந்தார். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக மூட்டைக் கூடத்தை நிறுத்தி, தரைக்குத் தண்ணீர் தெளித்து, ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். மீன் புதிதாக இருக்க வேண்டும் என்பதற்காக மேசைக்கு மேசை கரியடுப்பு வைத்து அங்கேயே சுட்டார்கள்.

'முன்மாதிரி நோயாளி' என்ற பட்டத்தோடு ஓக்புன் தலைமை மேசையில் உட்காரவைக்கப்பட்டாள். எதிரே அடுப்பு. கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை கிளம்பியது. போக வழியில்லாமல் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. அவள் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள்.

“அதை உள்ள வைங்க மேடம்” என்றார் நாம்குங், உதடு அசையாமல். “போட்டோ எடுக்கறாங்க. மீனுக்குப் பக்கத்துல மருந்து இருந்தா, மீன் மேல நமக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி தெரியும்.”

“மூச்சு முட்டுது சார்.”

“தலைவர் இப்ப முடிச்சிடுவார்.”

தலைவரின் பேச்சு மீன் எண்ணெயில் தொடங்கி, நாட்டின் ஏற்றுமதியைத் தொட்டு, தொழிலாளியின் நன்றியுணர்வில் நின்றுகொண்டிருந்தது. ஓக்புன்னின் நெஞ்சிலிருந்து விசில் கேட்டது.

“கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க மேடம். மைக்ல விழுது.”

உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. அதனால் புதுக்காற்றுக்கு இடமில்லை. அவள் கையை மட்டும் தூக்கினாள். கைதட்டச் சொல்கிறாள் என்று முன்வரிசை கைதட்டியது. தோக்சூதான் எழுந்து சன்னல் தாளைக் கிழித்தான். அவளை அள்ளிக்கொண்டு வெளியே போய், இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினான். ஆம்புலன்ஸ் வந்தபோது உதடு நீலமாக இருந்தது.

அறிவியல் அதற்காக நிற்கவில்லை. அதிகாரி உணவுக்கூடத்தில் கருவியை இயக்கினார். முள் கடைசிவரை ஓடியது. பிறகு, ஆளும் அசைவும் இல்லாமல் ஈரமாகக் கிடந்த மூட்டைக் கூடத்தில் இயக்கினார். முள் அசையவில்லை. ஆலைத் தலைவர் அந்த முள்ளை நீண்ட நேரம் அன்போடு பார்த்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஓக்புன் வேலைக்குத் திரும்பிய அன்று, நாம்குங் ஒரு பெட்டி பேரிக்காயோடு காத்திருந்தார்.

“நீங்க சொன்னதுதான் சரி மேடம். இந்த ஆலையில காத்து மோசம். குழு அதை ஏத்துக்கிட்டாச்சு.”

அவள் நம்பாமல் பார்த்தாள்.

“உணவுக்கூடத்துல” என்றார் அவர்.

“எடைமேடை அறைக்கு மாத்துறீங்களா சார்?”

“எப்படி மாத்துறது? அது உணவுக்கூடத்துக்கு ஒட்டின மாதிரி இருக்கு. மீன் புகை நேரா அங்கதான் வரும். தெரிஞ்சே உங்களை அங்க உட்கார வைக்க எனக்கு மனசு வராது. அளந்து பாத்ததுல இந்த ஆலையிலயே சுத்தமான எடம் மூட்டைக் கூடம்தான்.”

“அன்னிக்கு மூட்டை லைன் ஓடலையே சார். தண்ணி வேற தெளிச்சிருந்தாங்க.”

“அதனாலதான் அளவு துல்லியமா வந்துச்சு.”

“அப்ப நான் எங்க சாப்பிடறது?”

“அங்கயேதான். உங்களுக்கு மட்டும் வேகவைச்ச மீன். டப்பாவுல வந்துடும். எப்படியும் அங்கயேதான் இருக்கீங்க, அதனால மதியம் லைனையும் நிறுத்த வேணாம்னு தலைவர் சொல்லிட்டார்.”

இப்போது ஓக்புன் மூட்டைகளின் மேல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் மூடியைக் குடையாகப் பிடித்தபடி சாப்பிடுகிறாள். தொராஜி வேர் வெள்ளையாக இருக்கிறது. எள்ளிலையும் வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே அவள் நிறுத்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறாள்.

திட்டம் வெற்றி. அன்றிலிருந்து பேக்ஹா ஆலையின் உணவுக்கூடத்தில் ஒருவருக்கும் மூச்சுத் திணறியதில்லை. மூச்சுத் திணறுகிறவரை உள்ளே விடுவதில்லை.