பன்னிரண்டடிப் பாதைப் படலம்

வாழ்க கோமதிநாயகம்! பருத்தி மண்டியின் எடைக்கணக்கன், கக்கத்தில் குடைதாங்கிய கோமான், சங்கரன்கோவிலுக்கு மேற்கே கூறுபோட்டு விற்ற புஞ்சையில் கடைசி மூன்று சென்டுக்கு முடிசூடா மன்னன்! அவன் சமர் பாடப் புகுந்தோம். நாவே, நடுவில் குழறிக் கெடுக்காதே.

ஐம்பத்திரண்டாம் ஆண்டு மார்கழியில் பஞ்சாயத்திலிருந்து ஓர் ஆணை இறங்கிற்று. கூறுபோட்ட நிலத்தில் வீடு கட்ட வேண்டுமா? மனைக்குச் செல்லும் பாதை தலைமுதல் கடைவரை பன்னிரண்டடி அகலம் இருக்க வேண்டும். ஓரங்குலம் குறைந்தாலும் அனுமதி இல்லை. அவன் குடியிருந்த வாடகை வீட்டையோ தை பிறந்ததும் காலி செய்யச் சொல்லியாயிற்று. அனுமதி கிடைத்தால் மனையில் ஓலைக்கூரை போட்டாவது ஒண்டிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் மேலநீலிதநல்லூர் மாமனார் வீடுதான் கதி. எப்படைக்கும் அஞ்சாத நம் நாயகன் அந்த மாமனாரின் "வாங்க மாப்ளை" ஒன்றுக்கு மட்டும் அஞ்சினான்.

பாதையின் வடபால் நின்றது, ஆட்டுமந்தை அதிபதி துரைப்பாண்டியின் உடைமுள்வேலி. வேலியா அது? நாளொன்றுக்கு நான்கு விரற்கடை முன்னேறும் நடைப்படை! விடிந்ததும் நம் நாயகன் கவைக்கம்பு ஏந்தி, கிழிந்த வேட்டி கொடியெனப் பறக்க, முள் தைத்த குதிகால் விழுப்புண்ணெனச் சிவக்க, அதைப் பின்தள்ளுவான்; பொழுது சாயுமுன் பகைவனின் கவைக்கம்பு அதை முன்கொணரும். ஓணான்கள் ஒதுங்க, வெள்ளாடுகள் அசைபோட்டபடி வேடிக்கை பார்க்க, பதினோரு நாள் நடந்தது அப்பெரும்போர்.

"எங்க தாத்தா போட்ட வேலி வே இது! ஒரு முள்ள எடுத்தீருன்னா ஒரு வண்டி முள்ள இறக்குவேன்!" என்று முழங்கினான் துரைப்பாண்டி.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஓவர்சியர் பாதையை அளக்க வருகிறார் என்று செய்தி வந்தது. வியாழன் விடியலில் வேலியைத் தள்ளிய நாயகன், அது மீண்டும் நகராதபடி அதன் முன்னே பாதையோரத்தில் நாலு கூடைச் செம்மண்ணைக் குவித்தான், கூம்பாக்கினான், கம்பியால் துளையிட்டான், மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்தான். புற்றுமண்ணை நெற்றியில் இட்டு வளர்ந்த ஊரில் புற்றின்மேல் முள் போட எவனுக்குக் கை வரும்?

துரைப்பாண்டிக்கு வரவில்லை. கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சனங்கள் சுற்றிவந்து கும்பிட வேண்டுமென்று வேலியைத் தானே பிடுங்கி மூன்றடி பின்னால் நட்டான். வென்றான் கோமதிநாயகம்!

வெள்ளி காலையில் தெருவே பால்செம்போடு திரண்டது. முதல் செம்பு, அவன் மனைவி பேச்சியுடையது. "நாகம்மா, எங்களுக்கு ஒரு வீட்டக் குடு தாயி," என்று அவள் கண்ணீர் மல்கப் பால் ஊற்றிக்கொண்டிருக்கையில் ஓவர்சியர் வந்தார்; செருப்பைக் கழற்றினார்; அளந்தார்.

"புத்துக்கு இந்தப் பக்கம் ஒம்பது, அந்தப் பக்கம் மூணு. அனுமதி கெடையாது."

"சேத்தா பன்னெண்டு வருதே, சார்?" என்றான் நாயகன்.

"வரும் வே. நடுவுல நாகம்மால்லா இருக்கா! அவள இடிச்சுப் பாதை விட எனக்கு ரெண்டு தலையா இருக்கு?"

'அது நான் குவித்த மண்' என்னும் பத்தெழுத்து அம்பு தொண்டைவரை வந்தது. பத்தோ பதினொன்றோ, எண்ணுமுன் பேச்சி திரும்பி, ஈர மண்ணைத் தொட்டு அவன் நெற்றியில் இட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நம்பிக்கை. அம்பை அப்படியே விழுங்கிவிட்டுக் கைகூப்பினான், வேலி பெயர்த்த வீரன்.

தை இரண்டாம் தேதி அவர்கள் மேலநீலிதநல்லூருக்குக் குடிபோனார்கள்.