சௌந்தர்யாவின் பாம்புகளுக்குச் சம்பந்தம் வேண்டாம்

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பிலும் அதட்டலிலும் குறைவைக்காத சம்பூர்ணம் அக்காவுக்கு, தம்பி ஜெயசீலன் எழுதுவது. இங்கே நான் சுகம், தோல் குடோன் சுகம், உன் மகள் என்னிடம் விட்டுப்போன இரண்டு பாம்புகளும் சுகம். போனில் ‘பாம்பு’ என்றாலே நீ கட் பண்ணிவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

சௌந்தர்யா பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போகும்போது எல்லாம் விளக்கிவிட்டுத்தான் போனாள். ஒன்று கார்ன் ஸ்நேக், பெண். இன்னொன்று கிங் ஸ்நேக், ஆண். இரண்டும் அமெரிக்க ஜாதி, விஷம் கிடையாது, வனத்துறைக் காகிதம் பக்கா. திரும்பி வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கலப்புக் குட்டி எடுப்பது அவள் ஆசை. பாம்புப் பண்ணைக்காரிக்கு எவன் தாலி கட்டுவான் என்பது உன் கவலை. கடைசியில் “மாமா சொன்னா சரி” என்று அவளும், “தம்பி சொன்னா சரி” என்று நீயும் தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள்.

“அதுவரைக்கும் ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டுடாதீங்க மாமா, கிங்கு மத்தப் பாம்பைத் தின்னுடும்” என்றாள். நானும் கண்ணும் கருத்துமாகத்தான் இருந்தேன். ஆனால் தோலைப் பார்த்தால் தடவிப் பார்க்காமல் இருக்க முடியுமா, நாற்பது வருஷத்துக் கை! ஒன்றரை மாதம் முன்பு கார்ன் பெட்டியைத் திறந்து தடவிக்கொண்டிருந்தபோது வாணியம்பாடி நசீர் அகமது பாய் வெள்ளாட்டுத் தோல் பார்க்க வந்துவிட்டார். மூடியைச் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது. எங்கள் யாவாரத்தில் விலையை வாயால் பேச மாட்டோம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். துண்டைப் பெஞ்சில் விரித்துவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். பாய் துண்டுக்குள் கையை விட்டு, “இன்னா ஜெயசீலா, வெரலு இவ்ளோ நீளமா போய்க்கினே இருக்குது?” என்றார்.

“நான் இன்னும் கையே உள்ள வுடல பாய்!”

அப்புறம் பாயை மேஜை மேலிருந்து இறக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. பாம்பைப் பிடித்துப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன்.

இப்போது தீர்ப்பு. கலப்பு நடக்குமா? நடக்கும். நல்லதா? இல்லை. வெள்ளாட்டுத் தோல் கட்டுக்குள் நாலு செம்மறித் தோலைச் செருகுகிறவன் உண்டு, அதை நான் தடவியே பிரித்துவிடுவேன். ஆனால் இந்தக் குட்டிகள் பார்வைக்கு அசல் கார்ன் மாதிரியே இருக்கலாமாம். வாங்கினவன் அசல் என்று இன்னொருத்தனுக்குத் தள்ளுவான், அவன் அதை வைத்துக் குட்டி எடுப்பான், நாலு கை மாறினால் எது அசல், எது கலப்பு என்று பெற்ற பாம்புக்கே தெரியாது. புது டிசைன்தான் வேண்டுமென்றால் எருமைத் தோலில் அச்சு பிளேட் வைத்து ஒரு அழுத்து, முதலைத் தோலே வரும், அதற்கு எதற்கு இந்தப் பேஜார்? ஆகவே வேண்டாம். அவளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

சாமிநாதன் மாமாவுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் சீக்கிரம் கெட்டிமேளம் கொட்டட்டும்.

உன் தம்பி,
ஜெயசீலன்

பி.கு: கண்டிப்பாகச் சொன்னபோது அவள் சிரித்தாள். காரணம் இருக்கிறது. பாய் வந்த அன்றைக்குப் பதற்றத்தில் நான் கார்னைப் போட்டது கிங்கின் பெட்டியில். ஞாபகம் வந்து திறந்தால், இரண்டும் கயிறு முறுக்கின மாதிரி பின்னிக் கிடக்கின்றன. ‘ஐயோ, தின்னுது!’ என்று அவளுக்கு போன் போட்டேன்.

“தலை எங்க இருக்குது மாமா?”

“ரெண்டு தலையும் வெளியதாம்மா இருக்குது.”

“அப்போ அது தின்னல மாமா.”

இன்று காலை பதினொரு முட்டை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், பாம்புப் பண்ணை பெண்ணுடையது இல்லை, தாய்மாமனுடையது என்று தைரியமாகச் சொல்.