சம்மட்டியா, மின்னலா?

“இன்னொரு தடவை சொல்லு” என்று மாடிப்படி பாதியிலேயே அவனை நிறுத்தினாள் அவள்.

“சம்மட்டிதான் பெரிய ஆளு. மின்னல் அவரை ஜெயிச்சப்போ அவருக்கு வயசாயிடுச்சு. நல்ல வயசுல மோதியிருந்தா ரெண்டாவது ரவுண்டுலயே மின்னல் தரையில கிடந்திருப்பான்.”

“சிரிக்காம சொல்லு. எங்கப்பாவுக்கு இது சிரிப்பு விஷயம் இல்ல.”

கண்ணாடிக் கடைக்காரன் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டான். சம்மட்டி, மின்னல் என்ற அந்த இரண்டு குத்துச்சண்டை வீரர்களுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தெருவில் இரண்டு பூனைகள் முறைத்துக்கொண்டாலே எதிர்ப்பக்கமாகப் போகிற ஆள். ஆனால் உடைந்த கண்ணாடியோடு அவன் கடைக்கு வந்த இவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால், இவள் அப்பாவைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இதற்கு முன் உறவுக்காரர்கள் அழைத்து வந்த மூன்று பேர் இந்த வீட்டுப் படியேறி, தேநீர் குடித்து, அப்படியே காணாமல் போயிருக்கிறார்கள்.

“அவங்களும் இந்தக் கேள்வியிலதான் கவுந்தாங்களா?”

“வேற எதுல? அப்பா எல்லார்கிட்டயும் இதைத்தான் கேட்டாரு. மறுநாளே எங்க வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்க. வா, வா.”

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். சுவரில், கையுறையை உயர்த்திக்கொண்டு முறைக்கும் சம்மட்டியின் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். அம்மா தேநீரை வைத்துவிட்டு, மூலை நாற்காலியில் துவைத்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள். இரண்டு காதிலும் பஞ்சு. பாவம், காதுவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“தம்பிக்கு ஹெவிவெயிட் பந்தயமெல்லாம் பாக்குற பழக்கம் உண்டா?” அப்பா சுற்றி வளைக்கவில்லை.

அவன் ஒப்பித்தான், சிரிக்காமல்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியா! என் மனசுல இருக்கிறத அப்படியே சொல்றாரு பாரு!”

மகள் கூரையைப் பார்த்துக்கொண்டாள்.

“யாரு அது, மின்னலைத் தரையில படுக்க வெச்சது?”

உள்ளறையிலிருந்து ஈரத்தலையைத் துவட்டியபடி ஒருவர் வந்தார். அப்பாவின் மூக்கு, அப்பாவின் தொப்பை, கொஞ்சம் குறைந்த வயது.

“சித்தப்பா! நீங்க வெளியூர் போறேன்னீங்களே?” என்றாள் அவள், குரல் கீழே இறங்கி.

“போகல. தம்பி, மின்னலோட கை நீளம் தெரியுமா உங்களுக்கு? சம்மட்டி பக்கத்துல வர்றதுக்குள்ள மூக்கு பேந்திருக்கும். எந்த வயசுல வந்தாலும் சரி.”

அவருக்கும் மனம் நோகக்கூடாதே என்று பட்டது கண்ணாடிக் கடைக்காரனுக்கு. “அதுவும் வாஸ்தவம்தான். கை நீளம் ரொம்ப முக்கியம்.”

அப்பாவின் கோப்பை உதட்டருகே நின்றது. “அப்போ சம்மட்டி தோத்திருப்பாருங்கிறீங்க?”

“ஐயோ, இல்லீங்க. ரெண்டாவது ரவுண்டு வரைக்கும் சம்மட்டி. அதுக்கப்புறம்... மின்னல்.”

“ரெண்டாவது ரவுண்டுல தரையில கிடந்தவன் அதுக்கப்புறம் எப்படி வந்தான்?”

“எழுந்து வந்தான்.”

“அப்படிப் போடுங்க!” என்று தொடையைத் தட்டினார் சித்தப்பா. “மின்னல்னா எழுந்து வருவான்!”

“நீ சும்மா இருடா! அவனுக்குத் தாடை கண்ணாடி மாதிரி. ஒண்ணு பட்டா உதிர்ந்துடும்.”

“உங்காளு மூணு ரவுண்டு தாண்டினா மூச்சு வாங்குவாருண்ணே. பந்தயத்துக்கு வந்தாரா, படியேற வந்தாரான்னு தெரியாது.”

“நல்ல வயசுல மூணாவது ரவுண்டே அவருக்குத் தேவைப்படலடா!”

இருவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“ஒரே வார்த்தை. சம்மட்டியா, மின்னலா?”

நாள் முழுக்கக் கடையில் கண் பரிசோதிக்கும்போது அவன் கேட்கிற கேள்விதான். முதல் கண்ணாடியா, இரண்டாவதா? எதில் தெளிவாகத் தெரிகிறது? அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் ஏன் அப்படி விழிக்கிறார்கள் என்பது இன்றுதான் அவனுக்குப் புரிந்தது. அவர்கள் சொல்கிற பதிலே அவன் வாயிலும் வந்தது.

“ரெண்டும் ஒரே மாதிரிதாங்க தெரியுது.”

“ஒரே மாதிரியா?” பிறந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“தம்பி,” என்றார் அப்பா, மெல்ல, “நீங்க எந்தப் பந்தயத்தப் பாத்தீங்க?”

“அது... அவங்க ரெண்டு பேரும் மோதினது.”

“அதுல உங்களுக்கு எது புடிச்சுது?”

அவள் கண்ணால் கெஞ்சினாள், வேண்டாம் என்று. அவனோ ஒரே தாவலில் கரையேறிவிடலாம் என்று நினைத்தான்.

“தோத்தாலும் சம்மட்டி சம்மட்டிதாங்க. கடைசியில காலைத் தூக்கி விட்டாரு பாருங்க ஒரு உதை!”

பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டது. சித்தப்பா துண்டோடு அப்படியே நாற்காலியில் அமர்ந்தார். அப்பா, மன்னிப்புக் கேட்பவர்போல், சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த வீட்டில் இப்படியொரு அமைதி வழக்கமில்லையோ என்னவோ, என்ன ஆயிற்று என்று பதறிப்போய் அம்மா காதுப் பஞ்சை எடுத்தாள்.

கண்ணாடிக் கடைக்காரன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“மன்னிச்சுக்குங்க. குத்துச்சண்டையில எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கையில மாட்டிக்கிறது எதுக்குன்னுகூடத் தெரியாது. உங்க பொண்ணைத் தெரியும். அவளைக் கண்கலங்காம வெச்சுக்கத் தெரியும்னு நினைக்கிறேன். மத்தபடி சம்மட்டி யாரு, மின்னல் யாருன்னு இனிமே கத்துக்கவும் எனக்குத் தெம்பு இல்லீங்க. நான் வர்றேன்.”

எழுந்து வாசல்வரை போய்விட்டான். அவனுக்கு முன்னால் ஒரு கை நீண்டு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் அம்மா. “உக்காருங்க மாப்பிள்ளை, இன்னொரு டீ குடிக்கலாம்.”

“மாப்பிள்ளையா!” அப்பா துள்ளி எழுந்தார். “இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரையும் ஒரு காரணமும் சொல்லாம வேணாம்னுட்ட. அவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு ரவுண்டும் மனப்பாடமா தெரிஞ்சிருந்துச்சேடி!”

பஞ்சுருண்டைகள் இரண்டையும் ஜன்னல் வழியாக வெளியே வீசினாள் அம்மா.

“அதான் வேணாம்னேன்.”