பிளக்குதான் காரணம்

உலகத்தில் நடக்கிற எல்லாக் கோளாறுக்கும் ஒரே ஒரு காரணத்தைக் கையில் தயாராக வைத்திருப்பவர் என்றொரு இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில், எங்கள் வட அயோவாவில் அது பெட்ரோல் நிலையத்துக் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் காணப்படும். பழுதான புல்வெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நீங்கள் அந்தப் பக்கம் போனால் போதும், கோப்பையைக் கீழே வைக்காமல் வெளியே வரும், மூடியைத் திறக்காமல் தலையை ஆட்டும், "எத்தனால்" என்று சொல்லும், உள்ளே போய்விடும்.

இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர் வெர்லின் ரூப்கே. ஆயுள் முழுக்கச் சோளம் போட்டவர். இலையுதிர் காலத்தில் லாரி லாரியாகச் சோளத்தை எத்தனால் ஆலைக்கு விற்பார். ஆலைக்காரர்கள் அதைச் சாராயமாக்கிப் பெட்ரோலில் கலக்க அனுப்புவார்கள். இவர் எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடி ஊர் தாண்டி ஊர் போவார். இதில் ஏதோ முரண்பாடு இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவருக்குத் தோன்றியதில்லை.

"அது தண்ணியக் குடிக்கும்யா. காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வச்சுக்கும். நாளாக நாளாகத் தண்ணி தனியாப் பிரிஞ்சு டேங்குக்கு அடியில உக்காந்துரும். பழைய எஞ்சினா இருந்தா ரப்பர் குழாய் ஊறிப்போகும், கார்புரேட்டர் அடைச்சுக்கும். அப்புறம் நீ கயித்த இழு, இழு, இழுத்துக்கிட்டே இரு."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. தொல்லையே அதுதான். அடிக்கடி சரியாகச் சொல்பவரை எப்போது திருத்துவது? பாதிரியாரின் கார் பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டில் நின்றபோது, "எத்தனால் சீக்கிரம் எரிஞ்சு தீந்துரும்" என்றார். ஒருவருடைய படகின் விசிறி கழன்று ஏரியில் விழுந்தபோது, "அதிர்வு. எஞ்சின் ஒழுங்கா எரியல. ஏன் எரியல?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அவர் மகளைக் கட்டியிருக்கும் ட்ரெவருக்கு அந்த ஆலையில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மாமனார் வீட்டில்.

"உங்க ஆலையால எத்தன பேரு மெஷின் பாழாப் போச்சுன்னு தெரியுமா மாப்ளே?"

"சோளம் உங்களோடதுதானே மாமா."

"சோளத்து மேல ஒரு குத்தமும் கெடையாது. நீங்க பண்ற வேலையிலதான் குத்தம்."

ட்ரெவர் உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொள்வான். கல்யாணமானதிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறான்.

ஜூன் மாதம் ஒரு மதியம் பேய் மழை. கரண்ட் போனது. கரண்ட் போனால் நிலவறையில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பும் நிற்கும். வெர்லின் மனைவி மார்லிஸின் பிழைப்பு அந்த நிலவறையில்தான் இருந்தது: சுவருக்குச் சுவர் நீண்டு கிடக்கும் ஒரு பெரிய தையல் இயந்திரம். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வைகளை அவளிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். போர்வைகளை மாடிக்குத் தூக்கிவிடலாம். இயந்திரத்தை எப்படித் தூக்குவது?

"பதறாத. ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு?" என்றார் வெர்லின்.

வீட்டை ஒட்டிய கொட்டகைக்குப் போய்க் கயிற்றை இழுத்தார். இருமியது. இழுத்தார். இருமவும் இல்லை. தோள் கழன்றுவிடும்போல ஆனபிறகு பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து முகர்ந்தார். புளித்த வாடை. அந்த வாடையை மூக்கை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பார். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கலக்காத பெட்ரோல் கிடைக்கும் ஊர் தூரம், ரேடியோவில் கால்பந்து தொடங்கப்போகிறது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பக்கத்து நிலையத்திலேயே கலந்ததை நிரப்பியிருந்தார். நாளைக்கு இறக்கிவிடலாம் என்று நினைத்தார். குளிர்காலம் முழுக்க நாளைக்கு நாளைக்கு என்றே போனது.

போர்வைகளைச் சுமந்துகொண்டு மார்லிஸ் வந்தாள். "தண்ணி கடைசிப் படியத் தொட்டாச்சு. என்ன கோளாறு அதுல?"

வழக்கம்போல வாய் திறந்தது. "எ..." என்று ஆரம்பித்தது. அங்கேயே நின்றது.

"பிளக்கு" என்றார்.

மார்லிஸ் போர்வைகளை இறக்கி வைத்தாள். இத்தனை வருட இல்லறத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை.

"பிளக்கா?"

"பிளக்கேதான்."

சொல்லிவிட்டால் செய்தாக வேண்டுமே. எஞ்சினுக்குத் தீப்பொறி போடும் பிளக்கைக் கழற்றினார், துணியால் துடைத்தார், கம்பித் தூரிகையால் தேய்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"மாப்ளையக் கூப்பிடப்போறேன்."

"வேண்டாம். இன்னும் ஒரு தடவ இழுத்துப் பாக்கிறேன்."

"கூப்பிட்டாச்சு."

ட்ரெவர் தன் ஜெனரேட்டரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். ஆலைக்காரன் வீட்டு ஜெனரேட்டர். கலந்த பெட்ரோல்தான், ஆனால் போன வாரம் வாங்கியது. முதல் இழுப்பில் ஓடியது. பம்பு தண்ணீரைக் கக்கியது. இயந்திரத்தின் கால்கள் நனைந்தன, மோட்டாரைத் தண்ணீர் தொடவில்லை. அடியில் மாட்டிக்கொண்ட ஒரு நீலப் போர்வை மட்டும் சாயம் கலைந்து வீணாயிற்று.

பிறகு ட்ரெவர், உதவி செய்கிற நல்லெண்ணத்தில், மாமனாரின் ஜெனரேட்டரிலிருந்த பெட்ரோலைக் கண்ணாடி ஜாடியில் இறக்கினான். மேலே மஞ்சளாக ஒரு அடுக்கு, கீழே கலங்கிய நீராக ஒரு அடுக்கு. ஊரில் பாதிப்பேருக்கு வெர்லின் இப்படி ஜாடியைத் தூக்கிக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறார். இப்போது மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வட்டியோடு வசூலித்துவிடலாம்.

ட்ரெவர் ஜாடியை மூடினான். "பிளக்கும் கொஞ்சம் கருத்துதான் போயிருக்கு மாமா."

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் வெர்லின்.

அவன் போனபிறகு, கணவனும் மனைவியும் நிலவறையில் அந்த நீலப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்தார்கள்.

"ஒரே ஒரு தடவ சொல்லிரு வெர்லின். எனக்கு மட்டும். வெளிய மூச்சு விட மாட்டேன்."

அவர் வெகுநேரம் முறுக்கினார். தொண்டையைச் செருமினார். அவள் தன் முனையைத் தளர்த்திக் காத்திருந்தாள்.

"இந்த வருஷம் மழ ஜாஸ்தி" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் ஆலையைப் பற்றிப் பேச்சு எழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுந்தது.

உங்களிடம் புல்வெட்டி இல்லை, ஜெனரேட்டர் இல்லை, ஆகவே இது உங்களைப் பற்றியதல்ல என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். செல்போன், மருமகள், அரசாங்கம், கோழிக்கறி, இந்தக் காலத்துப் பிள்ளைகள்: காரணங்களுக்கா பஞ்சம்? இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அவரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். படித்து முடித்ததும் அவர் புன்னகையோடு நிமிர்ந்து யாரைப் பார்க்கிறார் என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.