நாற்பத்திரண்டு பக்கத்திலும் ஒரே குறிப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. மனிதர்கள் பேசுவதை எழுதி வைத்துக்கொள்வது. பஸ்ஸில், ரேஷன் கடையில், பூசை முடிந்து கோயில் வாசலில், எங்கே யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் கை அரிக்கும். டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு வந்திருப்பேன்.

இந்த வியாதியும் என் கோபமும் ஒரு சனிக்கிழமை கைகோத்துக்கொண்டு என்னைக் கவிழ்த்த கதை இது.

ஒரகடத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் வல்லம் வடகால் பக்கம் கம்பெனி வேலை. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் லைனில் நிற்பார். எல்லோரையும் ஒருநாள் உட்காரவைத்துப் பேசுவது நடக்காத காரியம். அதனால் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், போன் நம்பர், எந்த ஷிஃப்ட், கடைசிக் கட்டத்தில் 'குறிப்பு'.

அந்தக் கடைசிக் கட்டம் என் சொந்தத் தோட்டம். யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்று எனக்கு நானே எழுதிக்கொண்டது. "மூளை கீது டீச்சர், ஸ்விட்ச் எங்க கீதுன்னுதான் தெர்ல: அப்பா சொன்னது." "அம்மாவிடம் சொன்னால் அழுவார், அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார், பையனிடமே சொல்வது மேல்." "பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். போன் எடுக்குமுன் தண்ணீர் குடித்துக்கொள்ளவும்." (இந்தக் கடைசி ஆளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லோகநாதன். ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறார். வருவார்.)

இனி என் கோபம். நான் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய கணக்கு நோட்ஸை, பஸ் ஸ்டாப் அருகே டியூஷன் நடத்தும் பாஸ்கர் சார் அப்படியே ஜெராக்ஸ் போட்டுத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். என் கையெழுத்தை மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. பதினேழாம் பக்கத்தில் நான் டீ சிந்திய கறைகூட அவர் காப்பியில் கறுப்பாக விழுந்திருந்தது. கேட்டதற்கு, "கணக்கு எல்லாருக்கும் பொதுதானே மேடம்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு மாதம் எரிந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பினேன். "கேக்காம எடுத்துட்டான்! ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்!" (கொடுத்திருக்க மாட்டேன்.) லோகநாதன் காப்புரிமைச் சட்டத்தை எனக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். "சூத்திரத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது டீச்சர். நீங்க விளக்கி எழுதின வரி இருக்குல்ல, அது உங்க சொத்து." எனக்கு முன்பாதி காதில் விழவில்லை. பின்பாதி மட்டும் விழுந்தது. அன்றே முதல் பக்கத்தில் 'அனைத்து உரிமைகளும் ஜெசிந்தா டீச்சருக்கே' என்று போட்டேன். பள்ளிப் புத்தகத்தின்மேல் தாளை வைத்து வரைந்தெடுத்த வட்டங்களுக்கும் சேர்த்துத்தான்.

அது போதவில்லை. வீடியோ பார்த்து ஒரு வித்தை கற்றேன். நோட்ஸை பிடிஎஃப் ஆக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் குறுக்காக, வாங்குகிறவரின் பெயர் விழுமாறு செய்யலாம். வாட்டர்மார்க். யாருடைய காப்பி பாஸ்கர் சாரிடம் போனாலும் ஆள் மாட்டிக்கொள்வார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யத் தேவையில்லை. அட்டவணையைக் காட்டி எந்தக் கட்டம் என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டரே எல்லோருக்கும் போட்டுவிடும். அதற்குமேல் பூட்டும் போட்டேன். படிக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், ஓர் எழுத்தைக்கூட அழிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் சேவியர் வந்து எட்டிப்பார்த்தார். அவருக்குக் கார் பாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. வீட்டில் தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"ஃபர்ஸ்ட் பீஸ் பாத்துட்டியா ஜெசி?"

"பாத்துட்டேங்க."

உண்மையாகவே பார்த்தேன். அட்டவணையின் முதல் வரிசையில், சோதனைக்காக என் பெயரையே எல்லாக் கட்டத்திலும் இழுத்துவிட்டிருந்தேன். அந்த முதல் பிடிஎஃபைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'ஜெசிந்தா டீச்சர்' என்று அழகாகக் குறுக்கே படுத்திருந்தது. அவரும் பார்த்தார். "ஓகே" என்றார். கம்பெனி முத்திரை குத்தாத குறை.

எல்லாக் கட்டத்திலும் என் பெயரே இருந்ததால், கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்திலிருந்து எடுக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. அது எடுத்தது கடைசிக் கட்டத்தை.

சனிக்கிழமை காலை, நாற்பத்திரண்டு பக்க நோட்ஸை ஒவ்வொரு பெற்றோருக்கும் அவரவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே ஒரு வரி: 'இது உங்களுக்கு மட்டுமே. பிறருக்குக் காட்டினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' அனுப்பிவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் கடைசியாக நிம்மதியாக எண்ணெய் வைத்தது அன்றுதான்.

இரண்டு மணிக்கு போன். லோகநாதன். பின்னால் கம்பெனி பஸ்ஸின் இரைச்சல்.

"டீச்சர், தண்ணி குடிச்சிட்டீங்களா?"

"இன்னும் சாப்பிடலைங்க. ஏன்?"

"இல்ல, என் போன் எடுக்கறதுக்கு முன்னாடி குடிச்சிக்கணும்னு நாப்பத்திரண்டு பக்கத்துல போட்டிருக்கீங்க. அதான் கேட்டேன்."

எனக்குப் புரிவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "தோ, எனுக்கு ஸ்விட்ச்சு போட்டுகீதுபா! உனுக்கு இன்னா போட்டுகீது, காட்டு!" பஸ் முழுக்கச் சிரிப்பு. பிறருக்குக் காட்டக்கூடாது என்று நானே எழுதியிருந்தேன் அல்லவா, அதனாலேயே ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

லோகநாதனின் அழைப்பைத் துண்டித்துவிட்டு ஒவ்வொன்றாக 'அனைவருக்கும் நீக்கு' என்று அழுத்தினேன். ஏற்கெனவே போனில் இறக்கி வைத்தவர்களிடம் அது பலிக்கவில்லை. இன்னும் திறந்து பார்க்காதவர்களோ, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கிப் படித்தார்கள். பிடிஎஃபில் இருந்த குறிப்பையும் அழிக்க முடியாது. பூட்டு போட்ட புண்ணியவதி நானேதான்.

இந்தச் சிரிப்போடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். பட்டியலில் செல்வியும் இருந்தாள்.

செல்வி என் மாணவி காவ்யாவின் அம்மா. ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் எட்டு வருடமாக வேலை. லைன் லீடர் ஆவதற்குப் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள். இவள் அந்தக் காலத்தில் கணக்கில் பெயில். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில், என்னிடம் வந்து தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள். வல்லக்கோட்டை முருகனுக்கு ஒரு வேண்டுதல் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வூட்ல தெரிஞ்சா நான் எழுதமாட்டேன் டீச்சர். மறுபடியும் பெயிலானா அவுரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. அந்தச் சொல்லாத மூஞ்சியப் பாக்க என்னால முடியாது."

இவ்வளவு நல்ல வாக்கியம். நான் சும்மா இருப்பேனா? குறிப்புக் கட்டத்தில் ஏற்றினேன். அதற்குமேல் ஜாக்கிரதையாக: "அம்மாவும் பத்தாவது கணக்கு எழுதுகிறார். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது."

காவ்யாவின் பெயருக்கு நேரே இருந்தது அவள் அப்பா முருகேசனின் நம்பர்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முருகேசன் மாடியேறி வந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். கையில் நோட்ஸ். பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, நீல அட்டையும் போட்டிருந்தார். மகளுக்காக அவ்வளவு ஆசையாகச் செய்திருக்கிறார்.

"இன்னா டீச்சர் இது? வூட்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எழுதி வூட்டுக்கே அனுப்சிகீறீங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார், ஏதாவது ஒரு பக்கத்திலாவது அது இல்லாமல் இருக்காதா என்று பார்ப்பவர் போல. "வாரா வாரம் கோயிலுக்குப் போறாளே, ஒரு நாள்கூட துண்ணூறு எடுத்துனு வர்லையேன்னு நெனச்சிக்கினே இருந்தேன்" என்றார். பிறகு மெதுவாக, "எனுக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. நீல அட்டையைக் கேட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு செல்வி வந்தாள். பை இல்லை, நோட்டு இல்லை. நான் மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர், கட்டம், முதல் வரிசை என்று நீட்டிக்கொண்டே போனேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"டீச்சர், ரெண்டு மாசமா பொலம்புனீங்க. ஒங்க நோட்ஸ ஒருத்தன் கேக்காம எடுத்துக்கினான்னு. நானும் ஐயோ பாவம்னு உச்சு கொட்னேன். என் விசயத்த எழுதி வச்சிக்கறதுக்கு நீங்க என்னைக் கேட்டீங்களா?"

"உன்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்கு ஒரு ஞாபகத்துக்காகத்தான் செல்வி..."

"அவனும் பசங்க பாஸ் பண்ணணும்னுதான் எடுத்தானாம். நல்லவன்தான் போல."

போய்விட்டாள். பாஸ்கர் சாரையும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலை லோகநாதன் வந்து சட்டம் சொன்னார். (தண்ணீர் சொம்போடுதான் வரவேற்றேன்.) பிறர் விவரத்தை வாங்கினால் எதற்கு என்று சொல்லி வாங்கவேண்டும், அதற்கு மட்டும்தான் வைத்துக்கொள்ளவேண்டும், பிள்ளைகள் விவரம் என்றால் பெற்றவர்கள் சம்மதம் வேண்டும், இதற்கென்றே தனியாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றார். "நோட்ஸுக்கு அவ்ளோ பூட்டு போட்டீங்களே டீச்சர், இதுக்கு ஒரு தாழ்ப்பாளாவது போட்டிருக்கலாம்." வழக்கம்போல முக்கால் மணி நேரம். இந்த முறை முன்பாதியும் கேட்டேன். சேவியர் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்து, "மொத பீஸ் மட்டும் பாத்து மொத்த லாட்டையும் அனுப்பினா இப்படித்தான்" என்றார். (அந்த முதல் பீஸுக்கு ஓகே சொன்ன ஆய்வாளர் யார் என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் விசாரணையில் இருக்கிறது.)

குறிப்புக் கட்டத்தை அன்றே அழித்தேன். அழுகை வந்தது. பாதி செல்விக்காக, பாதி அந்த வாக்கியங்களுக்காக. இதில்கூட நான் முழு யோக்கியம் இல்லை.

மூன்று வாரம் செல்வி வரவில்லை. தேர்வு நெருங்கியது. பயந்து செத்தேன். காவ்யாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை, கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை? அப்புறம் ஒரு நாள் காவ்யா சந்தேகம் கேட்க நோட்டை நீட்டினாள். ஒரே கணக்கு இரண்டு முறை போடப்பட்டிருந்தது. ஒன்று காவ்யாவின் உருண்டைக் கையெழுத்து. மற்றொன்றை எனக்குத் தெரியும். 7 என்ற எண்ணை எப்போதும் 1 மாதிரியே எழுதுகிற கை அது.

"வீட்ல அப்பா ரெண்டு பேரையும் உக்கார வச்சி, கடிகாரத்தப் பாத்துக்கிட்டே டெஸ்ட் வைக்கிறாரு டீச்சர்" என்றாள். "நேரம் முடிஞ்சும் அம்மா பேனாவ மூடலன்னா பேப்பரப் புடுங்கிடறாரு."

செல்வி படிப்பை நிறுத்தவில்லை. என்னைத்தான் நிறுத்தியிருந்தாள்.

இரண்டு கையெழுத்துக்கும் திருத்தம் எழுதி அனுப்பினேன். யார், என்ன, ஒரு கேள்வி கேட்கவில்லை. என் வரலாற்றிலேயே நான் காத்த ஒரே மௌனம்.

தேர்வு முடிவு வந்த வாரம் செல்வி மாடியேறி வந்தாள். நான் புதிதாகத் தொடங்கிய பதினொன்றாம் வகுப்பு டியூஷனில் காவ்யாவைச் சேர்க்க. லோகநாதன் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கச் சம்மதப் படிவத்தைப் பயபக்தியோடு நீட்டினேன். மற்றவர்கள் எல்லாம் கையெழுத்து எங்கே என்று மட்டும் கேட்பார்கள். இவள் உட்கார்ந்து, விரல் வைத்து, வரி விடாமல் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, "இது இன்னா, 'தேவையான பிற விவரங்கள்'? யாருக்குத் தேவை?" என்றாள். அந்த வரியை அடித்தேன்.

"கையெழுத்து போடறேன். ஆனா ஒண்ணு. ஒங்க நோட்ஸ்ல பின்னாடி குறுக்கால எழுதுவீங்களே, அதுல இனிமே நான் சொல்றதப் போடணும். நான் சம்மதம் குடுக்கறேன். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். கை அரிக்காமல் எழுதிய முதல் வாக்கியம்:

"டீச்சர் கணக்கு நல்லா நடத்துவாங்க. ரகசியம் மட்டும் சொல்லிடாதீங்க. - செல்வி, பத்தாவது பாஸ்."

இன்றுவரை என் நோட்ஸின் ஒவ்வொரு பக்கத்திலும் அதுதான் குறுக்கே படுத்திருக்கிறது. பூட்டோடு. செல்வியின் நாத்தனார் எங்கள் தெருவில் இருக்கிறாள். என்னைக் கண்டால் பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவாள். சொந்தக்காரர்கள் வந்து "ஒரு விஷயம், யார்கிட்டயும் சொல்லாதே ஜெசி" என்று தொடங்கினால், உள்ளிருந்து சேவியர் குரல் கொடுப்பார்: "எத்தனை பக்கத்துக்கு?"

போன மாதம் பாஸ்கர் சார் போன் செய்தார். கொஞ்சம் நெளிந்தார். புது நோட்ஸ் தற்செயலாகத் தன் கைக்கு வந்ததாகச் சொன்னார். தன் பிள்ளைகளுக்கு அறுபது செட் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். இப்போது அந்தப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்களாம். அதில் வரும் 'டீச்சர்' பாஸ்கர் சார்தான் என்று நினைத்துவிட்டார்களாம்.

"மேடம், அந்தப் பின்னாடி எழுத்தை மட்டும் எப்படி எடுக்கறது?"

"அது என்னுது இல்லை சார்" என்றேன். "செல்வியோடது. அவங்க இப்ப லைன் லீடர். எடுக்கணும்னா அவங்க சம்மதம் வேணும்."

அவர் செல்வியின் நம்பரைக் கேட்டார்.

நான் கொடுக்கவில்லை.