வின்ச்சுக்கு ஏற்ற ஸ்பிரிங்

முன்பக்கத்தில் வின்ச் மாட்டிய மறுநாளே மெர்வினின் வண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது.

"லேசாக் குனிஞ்சாப்ல இருக்கு, இல்ல?" என்றார் மெர்வின்.

"லேசாவா? மூக்கு தரையில முட்டுது மெர்வ்," என்றாள் அவர் மனைவி க்ளெனிஸ், டீயை உறிஞ்சிக்கொண்டே.

இன்னும் மூன்று வாரத்தில் சார்ல்வில் ஜீப் சங்கத்தார் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கக் கிளம்புகிறார்கள். மெர்வின் பதினோரு வருடமாகக் கனவு கண்ட பயணம். மணலில் வண்டி சிக்கினால் கம்பிவடத்தை மரத்தில் கட்டித் தன்னைத்தானே இழுத்துக்கொள்ளத்தான் வின்ச். மெர்வின் இதுவரை எங்கேயும் சிக்கியதில்லை. அந்தப் பாலைவனத்தில் மரமும் அவ்வளவாகக் கிடையாது. ஆனால் சங்கத்தில் எல்லோரிடமும் வின்ச் இருந்தது.

ஸ்பிரிங் கடை நெவில் பழைய சிநேகிதன். "மாப்ள, முன்னாடி எப்பவும் எத்தன கிலோ பாரம் இருக்கும்? அதுக்குத் தக்கனதான் ஸ்பிரிங்," என்றான்.

வின்ச் நாற்பது கிலோ. "நூறு," என்றார் மெர்வின்.

"நூறா? நெசமாவா?"

"போடுப்பா. எதுக்கும் இருக்கட்டும்."

போட்டாயிற்று. இப்போது மூக்கு வானத்தைப் பார்த்தது. சாலையில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் கடைவாய்ப் பல்லில் வந்து மோதியது. கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு டஜன் முட்டையில் நாலுதான் வீடு சேர்ந்தது.

"சொன்ன பாரம் இல்லேன்னா அது குதிக்கத்தான் செய்யும். மெல்லிசு ஸ்பிரிங்கா மாத்திரு," என்றான் நெவில்.

மெல்லிசா! ஊர் என்ன சொல்லும்? மெர்வின் முகம் தொங்க வீடு திரும்பினார்.

"கங்காரு முட்டுனாலும் அசையாத இரும்புத் தடுப்பு விக்கிறானே, அதை முன்னாடி போட்டா அமுங்கிராதா?" என்றாள் க்ளெனிஸ், செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி.

இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் வண்டிக்கு ஒரு திருகாணி வாங்கச் சொன்னவளில்லை அவள். வண்டிப் பக்கமே அவளை மெர்வின் விட்டதில்லை என்பது வேறு விஷயம். ஒரே ஒரு முறை ஓட்டக் கொடுத்தார். அன்று அவள் கியர் போட்ட சத்தத்தை இன்றைக்கும் சங்கக் கூட்டத்தில் வாயாலேயே செய்து காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

தடுப்பு வந்தது. முன்பக்கம் ஓரளவு அடங்கியது. ஆனால் பின்பக்கம் உட்கார்ந்துவிட்ட மாதிரி தெரிந்தது.

"பின்னாடி எத்தன கிலோ?" என்று கேட்டான் நெவில்.

"முந்நூறு."

"உள்ள என்ன, யானையா ஏத்தப் போற?"

பின்பக்கம் எகிறியது. காலி வண்டி தவளையாய்த் தாவியது.

"தண்ணித் தொட்டி ஒண்ணு. இழுப்பறை அலமாரி. ஃபிரிட்ஜ். பெரிய டீசல் டேங்க்கும் போட்ரு. பாலைவனத்துக்குத்தான போறோம்?" என்றாள் க்ளெனிஸ்.

மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த மாதிரி பொண்டாட்டி யாருக்குடா வாய்க்கும்?" என்று நெவிலிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

புறப்படும் காலை. எடைமேடைச் சீட்டு இல்லாத வண்டியைச் சங்கம் சேர்த்துக்கொள்ளாது. எடைமேடைக்காரி டல்சி, பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலைக் கீழே வைக்காமலே எண்ணைப் பார்த்தாள்.

"ஆள் ஏறாமயே இவ்ளோ. சட்டப்படி இன்னும் அறுபத்தெட்டு கிலோதான் ஏத்தலாம்."

மெர்வின் நூற்றுப்பன்னிரண்டு கிலோ, காலை உணவுக்கு முன்னால்.

"தண்ணியக் கொட்டிருவோம்!" என்று பதறினார்.

"அப்புறம் பாலைவனத்துல எதைக் குடிப்ப?" என்றாள் டல்சி.

"வின்ச்சக் கழட்டிரு," என்றாள் க்ளெனிஸ்.

வளர்த்த நாயைச் சுடச் சொன்னது போல அவளைப் பார்த்தார் மெர்வின். "கழட்டுனா மூக்கு மறுபடி தூக்கிக்குமே!"

"கழட்டுனாலும் நூத்தியெட்டுதான். உனக்கு இன்னும் நாலு கிலோ இடிக்குது," என்று கணக்கை முடித்தாள் டல்சி.

திருகாணி போட்டு இறுக்கிய அலமாரியையும் ஃபிரிட்ஜையும் கழற்ற நேரமில்லை. மற்ற ஒன்பது வண்டிகளும் கழுத்துமுட்ட நிரம்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு தலையணையை வாங்கிக்கொள்ளக்கூட எதிலும் இடமில்லை. மெர்வினுக்கு அழுகை முட்டியது.

"சாவியக் குடு," என்றாள் க்ளெனிஸ்.

"எதுக்கு?"

"வண்டியாவது போயிட்டு வரட்டும். பதினோரு வருசக் கனவு, வீணாப் போகக் கூடாது கண்ணு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். எண் சட்டம் சொன்ன இடத்தில் கச்சிதமாக வந்து நின்றது. ஒரு கிலோ கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. ஒன்பது வண்டிக்கும் முன்னால் க்ளெனிஸ் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

புழுதி அடங்கும் வரை மெர்வின் கையாட்டினார். "பாவம் அவ, டல்சி. எனக்காகத் தனியாக் கெடந்து கஷ்டப்படப் போறா," என்று மூக்கைச் சிந்தினார்.

டல்சி முதல் முறையாகப் பின்னலைக் கீழே வைத்தாள்.

"பாவமா? மூணு வாரமா நீ மத்தியானம் தூங்குற நேரம் பாத்து இந்த வண்டிய இங்க ஓட்டிட்டு வந்து, 'அவன் ஏற முடியாம ஆகறதுக்கு இன்னும் எத்தன கிலோ வேணும் டல்சி?'ன்னு கேட்டுட்டுப் போனது யாருன்னு நெனச்ச?"