பெரட்டுக்கு நின்றவர்களும் பின்னால் ஓடும் கேமராவும்

பாடாங் செராய்,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய புவனேசன் மச்சான் அவர்களுக்கு,

தங்கச்சி வீட்டுக்காரன் பரஞ்சோதி வணங்கி எழுதுவது. நானும் உங்கள் தங்கச்சி தேவகியும் நலம். ஜோகூரில் உங்கள் சர்க்கரை, முழங்கால், பாஸ்போர்ட் மூன்றும் நலமா? வரும் இருபத்தெட்டாம் தேதி ஒரேயடியாக மெல்பர்னுக்கு மகளோடு போகிறீர்கள். போவதற்குள் கரங்கான் எஸ்டேட் எங்காங்கை, அதுதான் நம் இருவாச்சிப் பறவையை, துல்லியமாக ஒரு படம் எடுத்துத் தா, அங்கே சுவரில் மாட்ட வேண்டும் என்று கேமராவையும் முழங்கை நீள லென்ஸையும் அதை இன்னும் நீட்டும் எக்ஸ்டெண்டரையும் அனுப்பி வைத்தீர்கள். நீங்கள் ஆயுளில் என்னிடம் கேட்ட ஒரே உதவி. அது இதுவரை ஆகவில்லை என்பதைத் தலைகுனிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.

பறவை மேல் குற்றமில்லை. நாம் வேலை பார்த்த பழைய ரப்பர் பால் ஸ்டோர் ஞாபகம் இருக்கிறதல்லவா, அதன் சுவரை ஒட்டினாற்போல் ஒரு பப்பாளி மரம் தானாக முளைத்திருக்கிறது. எங்காங் தினமும் காலை எட்டு மணிக்கு கணக்கெழுத வரும் கிராணி மாதிரி, அந்தக் காலத்து உங்களைப் போலவே, வந்து உட்காருகிறது. ஸ்டோரைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள், எண்பது அடிக்குக் கிட்டே போக முடியாது. அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தேவகியைப் பார்க்க நான் அங்கே சுற்றிய நாளில், பரஞ்சோதிக்கு இந்தப் பக்கம் வேலையில்லை என்று யாரோ சிவப்பு பெயிண்டில் எழுதி, நான் போய்ப் பார்ப்பதற்குள் துரை சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்ட அதே சுவர். அதை நான் எழுதவில்லை என்று எங்கள் கல்யாணத்தன்று மாரியம்மன் முன்னால் நீங்கள் சூடம் அடித்துச் சத்தியம் செய்தீர்கள். சரி, அந்தக் கதை இப்போது எதற்கு.

முதல் நாள் எடுத்த படத்தில் எங்காங் புகை மாதிரி இருந்தது. சுங்கை பட்டாணியில் கேமரா கடை வைத்திருக்கும் ரோனால்டிடம் ஓடினேன். "அங்கிள், எக்ஸ்டெண்டர் போட்டா சில நேரம் ஃபோகஸ் பின்னாடி ஓடும் லா. எண்பது அடியில ஆறு டின்னு, ஒண்ணுக்கொண்ணு ஓரடி பின்தள்ளி சாய்வா வைங்க. மூணாவது டின்னுக்கு ஃபோகஸ் பண்ணுங்க. எந்த டின்னு தெளிவா விழுதுன்னு பாத்து, மெனுவில நம்பரை மாத்துங்க" என்றான். இதென்ன பெரிய வேலை என்று தேவகியையும் ஆறு மைலோ டின்னையும் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போனேன்.

முப்பது வருஷம் மண்டோராக ஆள் மேய்த்தவன் டேப் வைத்தா அளப்பான்? மரத்துக்கு மரம் பன்னிரண்டு அடி, ஏழு மரம் எண்ணினால் எண்பத்து நாலு. எண்ணித் தேவகியைப் போகச் சொன்னேன். போனாள், போனாள், போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே மைலோ டின் உயரத்தில் தெரிந்தாள். கைப்பேசியில் கூப்பிட்டு, "என்னங்க, பாலு மரத்தையெல்லாம் வெட்டி செம்பனை போட்டு வருஷம் எத்தனையாச்சு? இது மரத்துக்கு மரம் முப்பதடி! ஒங்க கணக்குல நடந்தா நான் கூலிமுக்கே போயிருவேன்!" என்று திட்டினாள். மச்சான், என் கண்ணுக்கு அங்கே இன்னும் ரப்பர்தான் நிற்கிறது. என்ன செய்வது?

திரும்ப அளப்பதற்குள் சனம் கூடிவிட்டது. பழைய மண்டோர் நிலம் அளக்கிறார், வீடு கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இராசாத்தி அக்கா அடையாளக் கார்டு நகலோடு வந்து, "தம்பி, மூலை வீடு எனக்கு எழுதிக்க" என்றார். இல்லை அக்கா, கேமரா சரி பார்க்கிறேன் என்றால் யார் நம்புகிறார்கள்? டின் ஆறும் காலில் மிதிபட்டு நசுங்கின. எனக்கு வந்ததே கோபம்! "பெரட்டு!" என்று ஒரு கத்து கத்தினேன். விடியற்காலையில் பெயர் கூப்பிட நிற்பார்களே, அதே மாதிரி ஆறு பேர் சட்டென்று வரிசையில் நின்றார்கள். எஸ்டேட்டை விட்டு இருபது வருஷம் ஆயிற்று, கால்கள் மறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எண்பது அடியில் ஆளுக்கு ஓரடி பின்தள்ளிச் சாய்வாக நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவதாக நின்ற இராசாத்தி அக்காவுக்கு ஃபோகஸ் வைத்தால், ஐந்தாவதாக நின்ற பிச்சை அண்ணன் மூக்கு மயிர் உட்படத் தெளிவாக விழுந்தார். "அந்தக் காலத்துலயும் போனசு மொதல்ல இவனுக்குத்தான்" என்று அக்கா சண்டைக்கு நின்றார். நம்பரைப் பிளஸ் ஒன்பதுக்குத் தள்ளினேன். பிச்சை அண்ணனும் மங்கி, பின்னால் மேய்ந்த மாடு தெளிந்தது. மைனஸ் ஒன்பது வைத்தேன். அக்கா தெளிவாக வந்துவிட்டார்! படத்தைக் காட்டினேன். "இவ்ளோ சுருக்கமா எனக்கு? முன்ன மாதிரியே மங்கலா வை தம்பி" என்றார்.

ஆக, மிஷின் இப்போது சரி. நாளைக் காலை எங்காங்கைப் பிடித்துவிடுவேன். ஆனால் மச்சான், ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்பத்து மூன்று வருஷம் உங்களோடு சண்டை போட்டே பழகிவிட்டேன். நீங்கள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? தேவகி பாஸ்போர்ட் பேச்சு எடுத்தாலே அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுகிறாள்.

எல்லா அம்மனும் உங்கள் முழங்காலுக்குத் துணையிருக்கட்டும். குளிருக்கு ஸ்வெட்டர் போடுங்கள்.

உங்கள் மிரட்டலுக்கு இன்றும் அடங்கிய,
பரஞ்சோதி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. எங்காங் படத்தில் தெளிவாக விழுந்துவிட்டது, கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம். பிரிண்ட் போடக் கொடுத்தபோது, ரோனால்ட் முதல் நாள் எடுத்த மங்கல் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, "அங்கிள், இது யாரு பரஞ்சோதி?" என்றான். ஃபோகஸ் இரண்டடி பின்னால் ஓடிச் சுவரில் விழுந்திருக்கிறது. சுண்ணாம்பு மழையில் கரைந்து, சிவப்பு எழுத்து முழுசாகத் தெரிகிறது. பால் நிறுத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்ட கிராணிப் பழக்கதோஷத்தில், கீழே 12.3.82 என்று தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள், மச்சான்! தேவகி சிரித்துச் சிரித்து அப்புறம் அழுதுவிட்டாள். எங்காங் படம் எங்கள் வீட்டில் இருக்கட்டும், மெல்பர்ன் சுவரில் மாட்ட அண்ணனுக்குச் சுவர் படத்தையே அனுப்புங்கள் என்கிறாள். இத்துடன் வைத்திருக்கிறேன். கேமராவைப் பழையபடி பூஜ்யத்துக்கே மாற்றிவிட்டேன், அது பின்னாலேயே பார்க்கட்டும்.